ரோடு அவங்களது

— லைட்டைப் போடாதீங்க அத்தான்.

— இருட்டுல சூப் குடிச்சா மூக்குல விட்டுக்குவேன், ரோவீனா.

— அவ்வளவு பெரிய மூக்குக்குள்ள ஒரு கரண்டி சூப் போனா தெரியவா போகுது? உக்காருங்க.

— நாலரை மணிக்கே இப்படி இருட்டிப் போச்சு. அந்தக் கர்ட் பய வண்டி விளக்கு மட்டும்தான் தெரியுது.

— அதுக்குத்தான் சொல்றேன். இங்க லைட்டைப் போட்டா, ரோட்டுல உக்காந்து சினிமா பாக்குற மாதிரி நம்மளைப் பாப்பான்.

— எப்ப வந்தான்?

— எப்பவும் வர்ற நேரந்தான்.

— ஹார்ன் அடிச்சானா?

— இல்ல.

— இல்லையா? வேலியோரம் வந்து நின்னதும் முதல் வேலையே அதுதானே. பூட்ஸைக் குடு, பூட்ஸைக் குடுன்னு...

— இன்னைக்கு அடிக்கல. ரொட்டி இன்னொண்ணு வைக்கட்டுமா? இப்பத்தான் பொரிச்சேன்.

— வை. நீ சாப்பிடலையா?

— பல் வலி.

— வாயைக் காட்டு பாப்போம்.

— ஏன், போலீஸ்காரர் பாத்தா பயந்துபோய்ப் பல் தானா விழுந்துடுமா?

— வியாழக்கிழமை நம்ம ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வர்றாரு. கூட்டிட்டுப் போறேன்.

— அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். பிடுங்குறது. போன தடவை அக்காவுக்கு வலிச்ச பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கி அனுப்பினாரு.

— ம்.

— என்ன "ம்"? பொண்டாட்டிக்குப் பல் போன கதைக்கு ஒரு நக்கல் கூட வரலையா? நானும் வந்ததுலருந்து பாக்குறேன். மூக்கைச் சொன்னேன், திருப்பிச் சொல்லல. நம்ம ஜனத்துல அத்தானும் மச்சினியும் ஒரு ரூம்புல உக்காந்துக்கிட்டு கேலி பேசாம இருந்தா, ஒண்ணு யாரோ செத்திருக்கணும், இல்ல யாரோ எதையோ மறைக்கணும்.

— யாரும் சாகல.

— அப்ப?

— சூப்புல கிழங்கு கம்மி. போதுமா?

— அது கேலி இல்ல அத்தான், அது குறை.

— சரி. உன் சூப்பைக் குடிச்சுக் குடிச்சுத்தான் அந்த வெள்ளைக்காரன் கிறுக்கனாயிட்டான். இப்ப?

— ...இப்பப் பரவாயில்ல. அக்கா எப்படி இருக்கா?

— அவளுக்கு என்னன்னே புரியல. மத்தியானம் கவுன்சில் கூட்டம் முடிஞ்சு வந்தா. கோட்டைக் கூடக் கழட்டாம ஒரே சட்டியைத் தேய்ச்சுக்கிட்டே நின்னா. கேட்டா ஒண்ணும் இல்லைங்குறா. அப்புறம் லேசியைக் கூப்பிட்டு மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. ஒன்பது வயசுப் பொண்ணை.

— லேசி என்ன சொன்னா?

— உன் பொண்ணு என்ன சொல்லுவா? "பெரியம்மா, மூச்சு முட்டுது, விடு"ன்னு ஒரே கத்தல். இவ விடல.

— கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு அக்கா சொல்லலையா?

— இல்ல. ஏன், உனக்குத் தெரியுமா?

— எனக்கு என்ன தெரியும்... மேய்ச்சல் நிலக் குத்தகைன்னு ஏதாவது சண்டையா இருக்கும். சரி, நீங்க மறைக்கிறதைச் சொல்லுங்க. அந்த வக்கீல்தானே?

— எந்த வக்கீல்?

— அத்தான்.

— ...வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு. மத்திய சர்க்கார் வக்கீல் ஆபீஸ்ல இருந்து. உன் கேஸை எடுக்க மாட்டாங்களாம்.

— காரணம் சொன்னாங்களா?

— "உடைஞ்ச கைதான் கூடிப் போச்சே"ங்குறான்.

— கூடுச்சு. கோணலாக் கூடுச்சு. மாவு பிசையும்போது மட்டும் நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லும்.

— போட்டோ அனுப்பினேன். டாக்டர் சொன்னதை அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி சொல்றதாச் சொன்னேன். இருநூறு மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு, இதை விடப் பெரிய கேஸெல்லாம் இருக்குங்குறான்.

— செத்திருந்தா எடுத்திருப்பாங்க.

— அப்படிப் பேசாத.

— கேலிதானே பேசுறேன்.

— அது கேலி இல்ல, ரோவீனா.

— சரி, இல்ல. எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான். எத்தனை தடவை கேட்டாலும் யாரோ கட்டி விட்ட கதை மாதிரியே இருக்கு. கர்ட் என்னை அடிச்சது நம்ம நிலத்துல. ஒப்பந்தம் போட்டுச் செவ்விந்தியருக்குன்னு விட்ட நிலத்துல. நம்மகிட்ட கோர்ட் இருக்கு, ஜட்ஜ் இருக்கு, போலீஸுன்னு நீங்க இருக்கீங்க...

— கோர்ட் இருக்கு, ஆனா நம்ம ஆளுக்குத்தான். குத்தம் பண்ணவன் வெள்ளைக்காரன்னா நம்ம கோர்ட் அவனைத் தண்டிக்கக் கூடாது. வாஷிங்டன்ல பெரிய கோர்ட் சொல்லி இருபது வருஷம் ஆச்சு.

— அதே நம்ம கோர்ட்தான் எனக்கு அவன்கிட்ட இருந்து விவாகரத்து குடுத்துச்சு.

— அது குடும்ப வழக்கு. அது முடியும்.

— கல்யாணத்தை வெட்டி விடலாம். கையை உடைச்சவனை ஒரு ராத்திரி உள்ள வைக்க முடியாது.

— முடியாது.

— சரி. நம்ம நிலத்துக்கு வெளிய போலீஸ் பாக்குற கவுண்டி ஷெரிப் இருக்காரே, வெள்ளைக்காரரு? அவரு?

— அடிச்சவனும் வெள்ளை, அடி வாங்கினவளும் வெளியாளுன்னா அவரு வருவாரு. அடி வாங்கினது நம்ம ஆளு. அதனால அவரு தொட மாட்டாரு. அது மத்திய சர்க்கார் வக்கீல் பாக்க வேண்டியது.

— மத்திய சர்க்கார் வக்கீல்?

— ...கை கூடிப் போச்சேங்குறான்.

— எங்க ஆரம்பிச்சாலும் அதே இடத்துக்கு வந்து நிக்குது பாத்தீங்களா.

— நம்ம கையில இருந்தது ஒண்ணுதான். வெளியாளைப் பாத்து எங்க நிலத்துல கால் வைக்காதேன்னு விலக்கி வைக்கலாம். அதைப் பண்ணோம். கவுன்சில் சொன்ன அன்னைக்கே நானே கூட நடந்து கேட் வரைக்கும் கொண்டு போய் விட்டேன்.

— பெரிய வீரந்தான். அவன் கேட்டைத் தாண்டினான், ரோட்டுல ஏறினான், வண்டியை நிறுத்தி என் சமையல் ஜன்னலுக்கு நேரா உக்காந்துக்கிட்டு உங்களுக்குக் கையை ஆட்டினான்.

— ரோடு மாநிலத்தோடது.

— நம்ம நிலத்து நடுவுல போற ரோடு.

— நடுவுல போனாலும் அவங்களது. போன வருஷம் அதுக்கும் தீர்ப்பு வந்துடுச்சு. ரோட்டுல நிக்கிறவனை எந்திரிச்சுப் போன்னு நான் சொல்ல முடியாது. உங்க அப்பாதானே அந்தக் காலத்துல கவுன்சில்ல முதல்ல கையைத் தூக்கினது, ரோடு வரட்டும்னு?

— அவரைச் சொல்லாதீங்க. அக்கா அம்மா வயித்துல இருந்தா. பனியில வண்டி மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆச்சாம். பொண்டாட்டி பட்ட பாட்டைப் பாத்துட்டுக் கையைத் தூக்கின மனுஷன்.

— குத்தம் சொல்லல. கேலிதான் பண்ணேன். நீதானே கேட்ட.

— நல்லாத்தான் வருது உங்களுக்கு. இப்பப் பாருங்க, ஹீட்டர் போட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். அப்படி என்னதான் பாக்குறானோ இந்த ஜன்னல்ல.

— உன்னைத்தான்.

— வைக்கோல் கட்டு ஏத்த வந்தப்பவும் இப்படித்தான் பாத்துக்கிட்டு நிப்பான். அப்ப எனக்குப் பிடிச்சிருந்துச்சு. லேசி பொறந்த அன்னைக்கு ரோடெல்லாம் பனி மூடிக் கிடந்துச்சு, நடந்தே வந்தான். மீசையெல்லாம் ஐஸ். குழந்தையைத் தொடப் பயந்துக்கிட்டுக் கையை அக்குள்ல வெச்சு சூடு பண்ணிட்டு அப்புறம் தொட்டான்... அதே கைதான் அத்தான்.

— அவனுக்காகப் பரிதாபப்படாத.

— படல. ஒரே கைன்னு சொன்னேன், அவ்வளவுதான். காபி ஊத்தட்டுமா?

— ஊத்து.

— ஷெரிப் ஆபீஸ்ல உயரமா ஒருத்தர் இருப்பாரே, காதெல்லாம் செவந்து...

— மெரில்.

— அவருதான். கை உடைஞ்ச அன்னைக்கு வழியில போனவரு என்னைப் பாத்துட்டு நின்னாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "அம்மா, நீங்க மட்டும் செவ்விந்தியரா இல்லாம இருந்தா, இவனை இப்பவே என் வண்டியில ஏத்தியிருப்பேன்."

— முட்டாள். அடிபட்டு நிக்கிறவகிட்டப் போய்ச் சொல்ற பேச்சா அது?

— மனசு கஷ்டப்பட்டுத்தான் சொன்னாரு. எனக்குக் கோவம் வரல. அதையே ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

— அதுல யோசிக்க என்ன இருக்கு?

— சும்மாதான். மாவு பிசையும்போது... அத்தான், மேட்டுல அம்மா பக்கத்துல எனக்குன்னு விட்ட இடம் இருக்குல்ல, அதையும் அக்காவையே எடுத்துக்கச் சொல்லுங்க.

— இது என்ன பேச்சு இப்ப?

— இல்ல, அவ இப்பக் கொஞ்சம் குண்டாயிட்டா. ஒரு இடம் பத்தாது.

— இதை நான் போய் அவகிட்டச் சொன்னா, முதல்ல எனக்குத்தான் மேட்டுல குழி.

— ...ஐயோ. இது கேலி. இதுதான் அத்தான் கேலி.

— நீ சிரிக்கிற சத்தம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— பல்லுன்னு சொன்னேனே.

— மூலையில என்ன, கால்ல இடிக்குது?

— பெட்டி. பழைய துணி.

— ஒண்ணு மேல ஒண்ணா இத்தனை பெட்டிப் பழைய துணியா?

— லேசிக்குச் சின்னதாப் போனதெல்லாம்.

— ரோவீனா, ஊரை விட்டுப் போறியா?

— எங்க போவேன்? இது கவுன்சில் வீடு. கவுன்சில் இருக்க விடுற வரைக்கும் இருப்பேன்.

— உன்னை யாரு போகச் சொல்லப் போறா?

— யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. முறைன்னு ஒண்ணு இருக்கே. கிளிஃபர்ட் செத்ததும் அவன் வீட்டுக்காரி காலி பண்ணிட்டுப் போகலையா?

— அவ வேற குடி. நம்ம குடிப் பதிவுல அவ பேரு இல்ல. நம்ம ஆளுக்குக் கட்டின வீட்டுல நம்ம ஆளுதான் இருக்க முடியும். அவளும் நீயும் ஒண்ணா?

— இல்லதான்.

— ...கதவுகிட்ட ஒரு ஜோடி பூட்ஸ் இருக்குமே, அது எங்க?

— எந்த பூட்ஸ்?

— அவன் பூட்ஸ். உன்னை உதைச்சப்பக் கால்ல இருந்தது. வக்கீல் வந்து கேட்டாக் காட்டணும்னு நீதானே அவனுக்குக் குடுக்காம வெச்சிருந்த?

— வக்கீல்தான் வர மாட்டேன்னுட்டாரே, இனிமே எதுக்குன்னு எடுத்துட்டேன்.

— அதை நான் இப்பத்தானே உனக்குச் சொன்னேன்.

— உங்க ஆபீஸ் சுவரு அட்டை மாதிரி. அங்க நீங்க போன்ல பேசினா இங்க என் அடுப்படி வரைக்கும் கேக்கும். வெள்ளிக்கிழமையே தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— தெரியும். அதான் கோவப்படல. எங்க எந்திரிக்கிறீங்க?

— வண்டியில ஒரு சாமான் இருக்கு. எடுத்துட்டு வந்துடுறேன்.

— என்ன சாமான்?

— சாமான்.

— உக்காருங்க அத்தான். உங்க நெஞ்சுல பேட்ஜ் இல்ல. உள்ள வரும்போதே பாத்துட்டேன். எங்க அது?

— வீட்டுல. சர்க்கரை டப்பா மேல வெச்சுட்டு வந்தேன்.

— அக்கா பாத்தாளா?

— பாத்தா. அதுக்கும் ஒண்ணும் சொல்லல.

— அவனை என்ன பண்றதா இருக்கீங்க?

— வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாப் போதும். நாலடி. அப்புறம் அவன் நிக்கிறது நம்ம நிலம். விலக்கி வெச்சவன் உள்ள வந்துட்டான்னு வண்டியைப் பறிமுதல் பண்ணலாம், அது நம்ம சட்டத்துல இருக்கு. வண்டி இல்லாம எதுல உக்காந்து உன்னைப் பாப்பான்?

— இழுத்தா அவன் சும்மா வருவானா?

— மாட்டான்.

— நீங்களும் சும்மா இழுக்க மாட்டீங்க. என் கையை உடைச்சு ஒன்பது மாசம் ஆச்சு, ஒரு ஆள் வரல. நீங்க அவனை ஒரே ஒரு அறை விடுங்க, விடியுறதுக்குள்ள மத்திய சர்க்கார் கார் மூணு வரும். நம்ம ஆளு வெள்ளைக்காரனை அடிச்சா அந்த வக்கீலுக்கு எப்பவும் நேரம் இருக்கும்.

— வரட்டும்.

— லேசிக்குப் பெத்த அப்பன் இப்படி ஆயிட்டான். நம்ம முறைப்படி அவ உங்களையும் அப்பான்னுதான் கூப்பிடுறா. அந்த அப்பனையும் ஜெயில்ல போய்ப் பாக்கச் சொல்றீங்களா?

— பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? நம்ம ஆளு குடிச்சுட்டுத் தெருவுல பாடினா உள்ள வைக்கிறேன். கோழி திருடினவனைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன், அவன் என் சித்தப்பா மகன். என் மச்சினியைக் காலால மிதிச்சவன் கண்ணுக்கு எதிர்ல உக்காந்திருக்கான், நான் இருட்டுல சூப் குடிச்சுக்கிட்டு இருக்கேன். இதுக்கு எதுக்கு ஒரு பேட்ஜ்?

— குடிங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

— என்ன கொஞ்ச நேரம்?

— ரொட்டி ஆறிப் போச்சு, சூடு பண்ணட்டுமா?

— ரொட்டியை விடு. மேக்கால இருந்து ஒரு வண்டி வருது.

— ம்.

— வேகமா வருது... கூரை மேல விளக்கு. அது கவுண்டி வண்டி.

— ம்.

— இந்தப் பக்கம் அவங்களுக்கு என்ன வேலை... நிறுத்துறான். கர்ட் வண்டிக்குப் பின்னாலயே நிறுத்துறான். மெரில் மாதிரி இருக்கு. யாரு கூப்பிட்டது?

— நான்தான்.

— நீ கூப்பிட்டா வர மாட்டாங்களே. ...ரோவீனா, லைட்டைப் போடு.

— வேண்டாம் அத்தான்.

— போடு.

— போடுறேன். கத்தக் கூடாது. நாற்காலியை விட்டு எந்திரிக்கவும் கூடாது. லேசி மேல சத்தியம் பண்ணுங்க.

— ...சரி.

— பாத்துட்டீங்களா?

— கன்னமெல்லாம் வீங்கி... உதடு கிழிஞ்சு...

— மேசையை விடுங்க, காபி சிந்துது. மூணு மணிக்கு பூட்ஸைக் கொண்டு போய்க் குடுத்தேன். ரோட்டுல, அவன் வண்டிகிட்டயே. நானாத்தான் போனேன். குடுத்துட்டு, இனிமே இங்க வராதேன்னு சொன்னேன். சொன்னா என்ன பண்ணுவான்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

— ரெண்டு மணி நேரமா... அடிச்சுட்டு ஓடக் கூட இல்லையே அவன். அங்கேயே உக்காந்திருக்கானே.

— ஓட என்ன இருக்கு? யாரும் வர மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அதான் பூட்ஸைப் போட்டுக்கிட்டு ரேடியோ கேக்குறான்.

— என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, ரோவீனா.

— கூப்பிட்டா நீங்க வந்திருப்பீங்க. அதான் கூப்பிடல. நீங்களா வந்ததும் சூப்பை வெச்சு உக்கார வெச்சேன்.

— இறங்குறான்... கையைப் பின்னால கட்டுறான். கர்ட் கையை. எப்படி? அவங்க தொட மாட்டாங்களே. அடி வாங்கினது நம்ம ஆளு...

— நம்ம ஆளு இல்ல அத்தான். காலையில கவுன்சில்ல எந்திரிச்சு நின்னு, பதிவுல இருந்து என் பேரை எடுத்துடுங்கன்னு கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கையைத் தூக்கினாங்க. அக்கா மட்டும் தூக்கல. லேசி பேரு அப்படியே இருக்கு, அவளை நீங்க ரெண்டு பேரும் வெச்சுக்கங்க. இனிமே நான் கோழி திருடினாக்கூட உங்களால என்னைத் தண்டிக்க முடியாது, வேணும்னா கேட் வரைக்கும் கூட நடந்து வந்து விடலாம்... அந்தக் கோட்டை எடுங்க. மெரில் என்னை யாருன்னு கேப்பாரு. போய்ச் சொல்லணும்.